விலாச்சட்டத்தில் ஒரு மூக்கு

கெர்சகோன் நல்ல தச்சன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைக் கேட்டுவிட்டு அவனைத் திட்டுகிறவர்கள் அவன் கைவேலையையும் சேர்த்துத் திட்டுகிறார்கள், அது நியாயமில்லை. கார்த்தேஜின் கப்பல் பட்டறையில் அவன் கொட்டகையிலிருந்து இறங்கிய கப்பல் எதுவும் ஒருக்களித்து மிதந்தது கிடையாது.

எங்கள் பட்டறையில் மரத்தை ஒவ்வொன்றாகச் செதுக்கிப் பொருத்திப் பார்த்து வருஷக்கணக்கில் இழுத்தடிக்கிற வழக்கம் இல்லை. விலாச்சட்டங்களை ஒரு கொட்டகையில் அறுப்பார்கள், பக்கப் பலகைகளை இன்னொன்றில், துடுப்புத் துளைகளை வேறொன்றில். எந்தத் துண்டு எதோடு சேர வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் மையால் எழுத்துப் போட்டுவிடுவார்கள். கரைக்குக் கொண்டுவந்து எழுத்தைப் பார்த்துச் சேர்த்தால் இரண்டு மாதத்தில் கப்பல் எழுந்து நிற்கும். கடலோடும் மற்ற ஊர்க்காரர்கள் எங்களைப் பார்த்து வயிறெரிந்தது இதற்காகத்தான்.

அந்த எழுத்தைப் போடுவது கெர்சகோனின் வேலை. கப்பல் சேர்ந்தபின் அதை இழைத்துச் சுரண்டி, மேலே கீல் பூசி மறைப்பதும் அவன் வேலைதான். போட்டவனே அழிக்க வேண்டும் என்பது விதி. அழித்து முடித்தபின் பட்டறை வாசலில் இருக்கும் மெல்கார்த் சாமியின் கல்லில் கை வைத்து, “அழிச்சாச்சு” என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கப்பல் தண்ணீரைத் தொடலாம். எழுத்து அழியாத கப்பல் எதிரி கையில் சிக்கினால் பட்டறையையே தூக்கிக் கொடுத்த மாதிரி என்று மேலாளர் ஒஸ்மில்க் வாரத்துக்கு ஒருமுறை கத்துவார். வாரத்துக்கு ஒருமுறை கத்துகிறதை யார் காது கொடுத்துக் கேட்கிறார்கள்?

சிசிலிக்கும் இத்தாலிக்கும் நடுவே இருக்கும் குறுகலான கடலில் ரோமர்கள் முதல்முதலாகத் தலையை நீட்டிய வருஷம் அது. அவசரமாக ஒரு பெரிய போர்க்கப்பல் வேண்டுமென்றார்கள். கெர்சகோனின் கொட்டகைக்கு வந்தது அந்த வேலை. அதற்குச் சுக்கான் பிடிக்க நியமிக்கப்பட்டவன் முத்தூன், கெர்சகோனின் மனைவி அரிஷாத்தின் மூத்த அண்ணன். ஆள் ஆறடி, மூக்கு அதில் பாதி என்று தெருவில் சொல்வார்கள். காதில் சுக்கான்காரர்களுக்கே உரிய தங்க வளையம். துறைமுகத்தில் அந்த வளையம் போட்டவன் வந்தால் சுமைக்காரர்கள் தாமாகவே ஒதுங்கி வழிவிடுவார்கள்.

வேலை நடக்கும்போதெல்லாம் முத்தூன் வந்து நின்று வம்பிழுப்பான்.

“மாப்ளே, இது மிதக்குமா? இல்ல, நீஞ்சறதுக்கு இப்பவே துணிய அவுத்து வெச்சுக்கட்டுமா?”

“மிதக்கும் மச்சான். நீங்க மட்டும் முன்பக்கம் வந்து நிக்காதீங்க. மூக்கு பாரத்துல தலைகுப்புறக் கவுந்துடும்.”

“எதிரி கப்பல முட்டி உடைக்கத்தான்டா இந்த மூக்க வளர்த்து வெச்சிருக்கேன். நீ மாட்டுன வெண்கல முனைய நம்பியா போறேன்?”

இந்தப் பேச்சில்தான் வினை தொடங்கியது. ஒருநாள் கெர்சகோன் கீழ்த்தளத்துக்கான சட்டங்களில் எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். இருபதாவது விலாச்சட்டம் சுக்கான்காரன் நிற்கும் இடத்துக்கு நேர் கீழே வருவது. அதில் எழுத்தைப் போட்டுவிட்டு, தூரிகையில் மிச்சமிருந்த மையால் பக்கத்திலேயே ஒரு படம் வரைந்தான். பெரிய மூக்கு, காதில் வளையம், அவ்வளவு பெரிய தலைக்குக் கீழே சுண்டைக்காய் மாதிரி ஓர் உடம்பு, கையில் சுக்கான். வரைந்துவிட்டுத் தானே சிரித்துக்கொண்டான். மச்சானைக் கூட்டிவந்து காட்ட வேண்டும், அவன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

ஆனால் காட்ட நேரம் அமையவில்லை. கப்பல் சேர்ந்து முடிந்தது மெல்கார்த் திருவிழாவுக்கு முந்தின நாள். மேல் பக்கத்துச் சட்டங்களை எல்லாம் சுரண்டிவிட்டான். கீழ்த்தளத்தில் முப்பது சட்டங்கள் பாக்கி. குனிந்து நிமிர முடியாத இடம். வீட்டில் அரிஷாத் தேனும் பாலாடைக்கட்டியும் போட்டுக் கோதுமைக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள், மத்தள ஓசை கரைவரை கேட்டது. கீழே போய் எலியா படிக்கப் போகிறது என்று நினைத்தான். இழைத்தால் அந்த மூக்கும் போய்விடுமே என்றும் நினைத்தான். கப்பல் திரும்பி வரும்போது மச்சானுக்குக் காட்டிவிட்டு ஒரேயடியாக அழித்துக்கொள்ளலாம். கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்குப் போனான், கல்லில் கை வைத்தான்.

“அழிச்சாச்சு.”

அந்தப் பொய் அவனை ஒன்றும் செய்யவில்லை. அன்றைக்கு இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்துவிட்டு நன்றாகத் தூங்கினான் என்பதுதான் உண்மை.

கப்பல் திரும்பி வரவில்லை. ரோமர்கள் படகுகளில் கடலைத் தாண்டும்போது எங்கள் கப்பல்கள் துரத்தின. முத்தூன் ஓட்டிய கப்பலின் தலைவன் ஆத்திரத்தில் எல்லோரையும் முந்திக்கொண்டு போய், கப்பலைக் கரையோர மணல்திட்டில் ஏற்றிவிட்டான். தலைவன் அங்கேயே செத்தான். முத்தூன் நீந்தித் தப்பி, ஒரு மீனவக் குப்பத்தில் பதினொரு நாள் பதுங்கியிருந்து, சரக்குக் கப்பல் ஒன்றில் தொற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான்.

அவனுக்குக் கஞ்சி ஊற்றிவிட்டு அரிஷாத் எதிரே உட்கார்ந்து அழுதாள். அவர்களுடைய தம்பி போதோவும் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது, கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

“மாட்டிக்கிட்டா கப்பலக் கொளுத்தணும்னு எனக்குத் தெரியாதா?” என்றான் முத்தூன். “தீப்பந்தம் கையில இருந்துச்சு. கீழ்த்தட்டுல ஏழு பேரு உடைஞ்ச பலகைக்கு அடியில சிக்கிட்டு என் பேரைச் சொல்லிக் கத்தறானுங்க. எப்படிடா கொளுத்தறது? நீயா இருந்தா கொளுத்துவியா?”

“மாட்டேன் மச்சான்,” என்றான் கெர்சகோன். பிறகு, வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, “கப்பல அவனுங்க என்ன பண்ணினானுங்க?” என்று கேட்டான்.

“கயிறு கட்டிக் கரைக்கு இழுத்தானுங்க. விறகுக்கு ஆகும்னு இருக்கும்.”

கீழ்த்தளத்து எழுத்துகள் கெர்சகோனுக்கு நினைவு வந்தன. ஆனாலும் தேற்றிக்கொண்டான். ரோமர்கள் ஏர் பிடிக்கிறவர்கள், ஆற்றைத் தாண்டவே வாந்தி எடுக்கிறவர்கள், அவர்களுக்குக் கப்பல் எங்கே, எழுத்து எங்கே? ஊரும் அப்படித்தான் பேசியது. முத்தூனை யாரும் அப்போது குறை சொல்லவில்லை. ஏழு பேருக்காகத் தீ வைக்காமல் விட்டவன் என்று மரியாதையாகத்தான் பார்த்தார்கள்.

நான்கு வருஷம் கழித்து அந்தச் சேதி வந்தது. ரோமர்கள் நூறு போர்க்கப்பல்களோடு கடலில் நிற்கிறார்கள். நூறும் இரண்டே மாதத்தில் கட்டியவை. நூறும் எங்கள் கப்பல் மாதிரியே இருக்கின்றன, நம்முடையது எது அவர்களுடையது எது என்று கொடியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவர்களோடு மோதித் தப்பி வந்தவர்கள் சொன்னார்கள். அந்தச் சண்டையில் எங்கள் பக்கம் ஐம்பது கப்பல்கள் போயின. அதில் ஒன்றில் துடுப்பு வலித்துக்கொண்டிருந்தவன் போதோ. அவனுக்கு அது முதல் பயணம். உடம்பும் வரவில்லை.

ஊர் முழுக்க இழவு வீடு. அழுது முடித்தவர்கள் அடுத்தபடியாகக் கேட்டது ஒன்றைத்தான். ரோமாக்காரனுக்குக் கப்பல் கட்ட யார் கற்றுக்கொடுத்தது?

பட்டறை வாசலில் விசாரணை வைத்தார்கள். ஊர் மன்றத்திலிருந்து மூன்று பேர் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். தச்சர்கள் எல்லோரும் வெயிலில் நின்றார்கள். ஒஸ்மில்க் பட்டறையின் மானத்தைக் காப்பாற்ற வேண்டியவர் அல்லவா, முந்திக்கொண்டார்.

“ஐயா, கரையில ஒதுங்குன கப்பல் ஒண்ணுதான் அவங்க கையில இருந்தது. வெறும் கப்பலப் பார்த்துக் கப்பல் கட்ட முடியாதுங்க. எங்க ஆளுங்களே எழுத்து இல்லாமப் பிரிச்சா திரும்பச் சேர்க்க ஒரு வருஷம் ஆகும். பக்கத்துல நின்னு இது இங்க, அது அங்கன்னு எவனோ சொல்லிக் குடுத்திருக்கான்.”

“அந்தக் கப்பல்ல எழுத்து அழிச்சிருந்ததா?” என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

“எழுத்துப் போட்டவன் இருக்கான். கெர்சகோன், முன்னால வா.”

போனான். கால் தானாக நடந்தது என்று பிற்பாடு சொன்னான். ஒரு பக்கம் தச்சர் கூட்டம். இன்னொரு பக்கம், அந்தக் கப்பலை ஓட்டியவன் என்று வரவழைத்த முத்தூனைக் கட்டாமல் நிறுத்தியிருந்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் அரிஷாத் ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்லில் சாமிக்கு ஊற்றிய எண்ணெய் காயாமல் பளபளத்தது. இப்போது உண்மையைச் சொன்னால் நூறு கப்பலும் ஐம்பது கப்பலும் போதோவும் தன் தலையில் விழும். மரத்தில் அறைவார்கள், சந்தேகமே இல்லை. பொய் சொன்னால் யார் தலையில் விழும் என்று அந்த நொடியில் அவன் யோசிக்கவில்லை. அப்படித்தான் அவன் பல வருஷம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். யோசித்தான். யோசித்துவிட்டுத்தான் கையை வைத்தான்.

“அழிச்சாச்சுங்க. எல்லாம் அழிச்சாச்சு.”

முத்தூன் திரும்பி அவனைப் பார்த்தான். கெர்சகோன் எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எழுத்து இல்ல. அப்ப வாய்தான் சொல்லியிருக்கணும்,” என்றார் மன்றத்தார். “பதினொரு நாள் அந்தக் கரையில என்னடா பண்ணின?”

“ஒளிஞ்சிருந்தேன்,” என்றான் முத்தூன்.

“சாட்சி?”

“மீன்காரன் ஒருத்தன். பேரு கேட்டுக்கலைங்க.”

கூட்டம் ஊளையிட்டது. அவன் சொல்லிக்கொடுத்ததைப் பார்த்த சாட்சியும் இல்லாததால் உயிரோடு விட்டார்கள். இனி எந்தக் கப்பலிலும் கால் வைக்கக் கூடாது, கடலோடிகள் விருந்தில் உட்காரக் கூடாது என்று தீர்ப்பு. காது வளையத்தைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னார்கள். கழற்றுவதற்குள் கூட்டத்தில் ஒருவன் பாய்ந்து பிடித்து இழுத்துவிட்டான். காது மடல் இரண்டாகக் கிழிந்தது. முத்தூன் காதைக் கையால் பொத்திக்கொண்டான். தோளில் ரத்தம் வழிய நடந்து போனான், வழியில் அரிஷாத்தைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அவள் அவன் காலடியில் துப்பினாள்.

ஊரில் அவனுக்கு யாரும் வீடு தரவில்லை. தெற்கே உப்பளத்தில் கூடை சுமக்கப் போனான்.

அடுத்த வாரம் அரிஷாத் ஈயத் தகடு ஒன்றை வாங்கிவந்து கெர்சகோன் முன்னால் வைத்தாள். எங்கள் ஊரில் தீராத வன்மம் இருந்தால் ஈயத்தில் பெயரை எழுதிக் கல்லறைக்குள் போடுவார்கள், செத்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று. அரிஷாத்துக்கு எழுதத் தெரியாது.

“எழுதுங்க. முத்தூன்னு போடுங்க. தம்பியத் தின்னவன் சோத்துக்கும் தண்ணிக்கும் அலைஞ்சு சாகணும்னு போடுங்க.”

“கூடப் பொறந்தவரும்மா.”

“போதோ யாரு? எதிர் வீட்டுக்காரனா? எழுதுங்க.”

ஆணியை எடுத்தான். தன் பெயரையே எழுதிவிடலாம், அவளுக்குத் தெரியவா போகிறது என்று ஓர் எண்ணம் வந்தது. செத்தவர்களாவது சரியான ஆளைப் பிடித்துக்கொள்ளட்டும். அதற்கும் துணிவில்லை. முத்தூன் என்றே எழுதினான், கையெழுத்து சுத்தமாக, பலகையில் போடுகிற மாதிரி. அதை அவள் போதோவின் பெயரால் கட்டி வைத்திருந்த வெறுங்கல்லறையில் போட்டுவிட்டு வந்தாள். இரண்டு மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. தொட்டிலைக் கெர்சகோன்தான் செய்தான். அந்தத் தொட்டிலில் ஓர் எழுத்துகூடப் போடாமல், கண்ணளவிலேயே அறுத்துச் சேர்த்தான்.

அதன்பிறகு அமாவாசைக்கு அமாவாசை, பலகை பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு உப்பளத்துக்குப் போவான். வாற்கோதுமை ரொட்டி, ஆலிவ், அத்திப்பழம் கிடைத்தால் அத்திப்பழம். முத்தூன் கூடையை இறக்கிவிட்டு வரப்பில் உட்கார்ந்து சாப்பிடுவான். உப்பில் ஊறி அவன் பாதம் வெடித்துப் போயிருக்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, குழந்தைக்குப் பல் முளைத்ததா என்று கேட்பான். மற்றதெல்லாம் விட்டுப் போனாலும் வம்பு மட்டும் அவனை விடவில்லை. “மாப்ளே, ரொட்டிய நீயா சுட்டே? மரத்தூள் வாசம் வருதே,” என்பான்.

சாப்பிட்டு முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு எழும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி கேட்பான்.

“அப்புறம்? வேற ஒண்ணும் இல்லையா?”

“வேற ஒண்ணும் இல்ல மச்சான்.”

“சரி,” என்று கூடையைத் தூக்கிக்கொள்வான்.

திரும்பி வரும் வழியெல்லாம் கெர்சகோன் அடுத்த மாதம் சொல்லிவிடுவதாகத் தீர்மானம் செய்வான். அடுத்த மாதம் அத்திப்பழம் கொஞ்சம் அதிகமாகக் கொண்டுபோவான். இப்படியே பதினொரு வருஷம் ஓடியது. அவனை அயோக்கியன் என்று சொல்லலாம், சொல்லுங்கள். ஆனால் அந்தப் பதினொரு வருஷத்தில் அவன் ஒருநாள்கூட மெல்கார்த் கல்லின் பக்கமாக நடந்ததில்லை. பட்டறைக்குப் பின்பக்கச் சந்து வழியாகப் போவான். எழுத்துப் போடும் வேலையையும் விட்டுவிட்டான். கண் மங்குகிறது என்று சொல்லிக்கொண்டு சாதாரண இழைப்பு வேலைக்கு இறங்கினான்.

பிறகு ஒரு வசந்தத்தில் எங்கள் பக்கம் காற்றடித்தது. சிசிலியின் மேற்குக் கரையில் ரோமர்களை வளைத்துப் பிடித்து, தொண்ணூற்றுச் சொச்சம் கப்பல்களைக் கைப்பற்றினோம். அதில் மூன்றைப் பழுது பார்க்க எங்கள் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். ஊரே கரையில் கூடிக் கூத்தாடியது. கெர்சகோனையும் அவன் கூட்டாளி ஷபாத்தையும் முதல் கப்பலின் கீழ்த்தளத்தைப் பார்க்கச் சொன்னார்கள்.

பலகை நான்கைந்தைப் பெயர்த்திருந்ததால் பகல் வெளிச்சம் உள்ளே விழுந்தது. கெர்சகோன் குனிந்து, கப்பலின் முதுகெலும்பான ஏராக்கட்டையைத் தடவிக்கொண்டே போனான். முதல் சட்டத்தில் எழுத்து இருந்தது. எங்கள் எழுத்து. ஆனால் எழுதத் தெரிந்தவன் எழுதியதல்ல. குழந்தை கோலத்தைப் பார்த்துக் கோலம் போடுகிற மாதிரி, கோட்டுக்குக் கோடு வரைந்திருந்தது. ஐந்தாவது சட்டத்தில் கெர்சகோன் எழுதிய அன்றைக்குக் கை நழுவிக் கீழே இழுத்த ஒரு கோடு உண்டு. அதுவும் இருந்தது. பத்து, பதினைந்து. அவன் எண்ணவில்லை, கால் எண்ணியது.

“அண்ணே, இங்க வந்து பாருங்க!” ஷபாத் பின்பக்கத்திலிருந்து கூப்பிட்டான், சிரித்துக்கொண்டே. “இது என்ன சாமிண்ணே? மூக்குக்குன்னு தனியா ஒரு சாமி வெச்சிருக்கானா ரோமாக்காரன்?”

இருபதாவது சட்டம். பெரிய மூக்கு, காதில் வளையம், சுண்டைக்காய் உடம்பு, கையில் சுக்கான். எவனோ ஒரு ரோமத் தச்சன், இதுவும் கப்பலுக்கு வேண்டிய ஏதோ ஒன்று, விட்டால் மூழ்கிவிடும் என்று பயந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு அச்சு அசலாக வரைந்திருக்கிறான். கெர்சகோனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரிப்பு பாதியிலேயே ஓங்கரிப்பாக மாறி, அங்கேயே வாந்தி எடுத்தான்.

மற்ற இரண்டு கப்பல்களிலும் இறங்கிப் பார்த்தான். இரண்டிலும் இருந்தது. நூறிலும் இருந்திருக்கும். போதோவின் கப்பலை முட்டி உடைத்த கப்பலிலும் அவன் அண்ணனின் மூக்கு இருந்திருக்கும்.

சட்டத்தில் அந்தத் துண்டு எப்படியும் உளுத்திருந்தது, மாற்ற வேண்டியதுதான். அறுத்து எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு நடுப்பகலிலேயே வீட்டுக்குப் போனான். அரிஷாத் அம்மியில் சீரகம் அரைத்துக்கொண்டிருந்தாள். துணியை அவிழ்த்து அவள் முன்னால் வைத்தான்.

அவள் குனிந்து பார்த்தாள். பதினொரு வருஷமாக அவள் வாயில் வராத பெயர் தானாக வந்தது.

“முத்தூன் அண்ணன்!” சிரித்தேவிட்டாள். உடனே அதற்காக முகத்தைச் சுளித்துக்கொண்டாள். “யாரு போட்டது இது?”

“நான்தான். அப்ப கட்டுன கப்பல்ல. உங்கண்ணன் ஓட்டுன கப்பல்ல.”

“அது போயிடுச்சே. இது எங்க கிடைச்சுது?”

“ரோமாக்காரன் கப்பல்ல. அவன் வரைஞ்சது. நான் போட்டதப் பார்த்து வரைஞ்சிருக்கான். எழுத்து எல்லாம் அப்படியே இருக்கு, அரிஷாத். நான் அழிக்கவே இல்ல.”

அரைத்துக்கொண்டிருந்த கை நின்றது. அவள் மெதுவாகத்தான் கணக்குப் போட்டாள், ஒவ்வொன்றாக, அவன் முகத்தைப் பார்த்தபடி.

“அழிச்சாச்சுன்னு கல்லுல கை வெச்சீங்க.”

“பொய்.”

“அண்ணன் யாருக்கும் எதுவும் சொல்லிக் குடுக்கல.”

“இல்ல.”

அவள் எழுந்தாள். அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருக்கலாம்.

“எழுதுனியே,” என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவனை ஒருமையில் அழைத்ததில்லை. “அந்தத் தகட்ட நான்தானே வாங்கிட்டு வந்து குடுத்தேன். எனக்கு எழுதத் தெரியாதுன்னுதானே குடுத்தேன். எங்கண்ணன் பேரத் தெரிஞ்சே எழுதுனியே நீ.”

அவள் கையைக்கூடக் கழுவாமல் மரத்துண்டை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினாள். “வா,” என்றாள் திரும்பாமல்.

உப்பளத்துக்கு ஐந்து நாழிகை நடை. அவள் முன்னால் போனாள், அவன் பத்தடி பின்னால். முத்தூன் வரப்பில் கூடையோடு வந்துகொண்டிருந்தான், தலையெல்லாம் நரைத்து, கிழிந்த காது மடல் சுருங்கிப் போய். தங்கையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். அரிஷாத் கிட்டே போனாள். மரத்துண்டை நீட்டினாள்.

அவன் கூடையை இறக்கிவிட்டு அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இது உன் கை இல்லையே மாப்ளே. உன்னோடதுல மூக்கு இன்னும் கொஞ்சம் வளைஞ்சிருக்கும்.”

கெர்சகோனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “மச்சான், உங்களுக்கு... நான் காட்டவே இல்லையே.”

“கடல்ல இறங்குன மூணாம் நாளே பார்த்துட்டேன். தண்ணி இறைக்கக் கீழ போனேன். ஒரு நாள் பூரா சிரிச்சேன். துடுப்புக்காரனுங்களக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன், அவனுங்க அதுக்கப்புறம் என்னைச் சுண்டைக்காய்னே கூப்பிட்டானுங்க.” அவன் படத்தைக் கட்டைவிரலால் தடவினான். “எழுத்தெல்லாம் அப்படியே இருந்ததையும் பார்த்தேன்.”

“அப்ப அன்னைக்கு ஏன் சொல்லல?” அரிஷாத் கத்தினாள். “வாயத் தொறந்து ஏன் சொல்லல? அவன் கல்லுல கை வெச்சுப் பொய் சொல்லும்போது ஏன் சும்மா நின்ன?”

“உன் வயித்தப் பார்த்தேன்,” என்றான் முத்தூன். “சொன்னா இவன மரத்துல ஏத்துவாங்க. எனக்கென்ன, பொண்டாட்டியா புள்ளையா? காது போச்சு, அவ்வளவுதான்.”

“நான் துப்புனேன் அண்ணே. பேரெழுதிக் கல்லறையில போட்டேன்.”

“அதான் போல, கால்ல வெடிப்பு ஆறவே மாட்டேங்குது,” என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, நடுத்தெருவில் அழுகிற மாதிரி வாய்விட்டு அழுதாள். உப்பு சுமக்கிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

முத்தூன் அவள் தலைக்கு மேலாகக் கெர்சகோனைப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அன்னைக்குப் பயந்துட்டே. பயப்படாம இருக்க முடியாது, அது எனக்குப் புரியுது மாப்ளே. ஆனா என்கிட்டயாவது சொல்லுவேன்னு இருந்தேன். மாசாமாசம் கேட்டேனே. வேற ஒண்ணும் இல்லையா, வேற ஒண்ணும் இல்லையான்னு. நீ அத்திப்பழத்த மட்டும் நீட்டுனே.”

கெர்சகோன் உப்புப் பாத்தியில் முழங்காலிட்டுவிட்டான். நாளைக் காலையில் பட்டறை திறக்கும்போது அதே கல்லில் கை வைத்து எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவதாகச் சொன்னான். “வேணாம்டா, கிழிஞ்ச காத ஒட்டியா தரப் போறாங்க?” என்றான் முத்தூன். “சொல்லட்டும்,” என்றாள் அரிஷாத். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வரப்பில் இறக்கியிருந்த கூடையைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள்.

“அண்ணன் வீட்டுக்கு வராரு. அந்தக் கூடைய நீ தூக்கு.”

மறுநாள் காலை அவன் பட்டறை முன்வாசல் வழியாக வந்ததும், கல்லில் கை வைத்ததும், ஒஸ்மில்க் இறந்துபோயிருந்ததால் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் மன்றத்தார் விழித்ததும், வென்ற மகிழ்ச்சியில் அவனை உயிரோடு விட்டுப் பட்டறையிலிருந்து மட்டும் துரத்தியதும் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். நானும் அன்றைக்குக் கூட்டத்தில் நின்றேன். மீதிக் காலம் முழுக்க அவன் உப்புதான் சுமந்தான். அந்தத் தண்டனையைப் பற்றிக் கேட்டால் அவன் பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. அவன் திரும்பத் திரும்பச் சொன்னது அதற்கு முந்தின நாளைப் பற்றித்தான்.

அன்று அவன் கூடையைத் தூக்கி வலது தோளில் வைத்துக்கொண்டான். ஈர உப்பு அவ்வளவு கனக்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. அண்ணனும் தங்கையும் வரப்பு வழியே ஊரைப் பார்த்து நடந்தார்கள், அவள் மரத்துண்டை இடுப்பில் வைத்துக்கொண்டு. வளைவு திரும்பும் இடத்தில் முத்தூன் நின்று, கையை வாயருகே குவித்துக் கத்தினான்.

“மாப்ளே! இடது தோளுக்கு மாத்திக்கடா! வலது சீக்கிரம் புண்ணாயிடும்!”

கெர்சகோன் மாற்றவில்லை.